சர்க்கரையும் மனச்சோர்வும்: எது எதன் பின்னால் ஒளிந்திருக்கிறது?

ஜனவரி 6, காலை (வாசகர் ஒருவரின் கேள்வி)

எனக்கு இரண்டாம் வகை நீரிழிவு இருப்பதாகச் சென்ற ஆண்டு தெரியவந்தது. அதன் பிறகு எதிலும் நாட்டமில்லை. காலையில் எழுந்திருக்கவே மனம் வருவதில்லை. மருத்துவரிடம் சொன்னால், "சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள், மனம் தானாகச் சரியாகிவிடும்" என்கிறார். என் கணவரோ, நான் ஆண்டுக்கணக்கில் மனம் சோர்ந்து கிடந்ததால்தான் சர்க்கரையே வந்தது என்கிறார். இரண்டில் எது உண்மை?

ஜனவரி 6, பிற்பகல்

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. உங்கள் கணவரின் பாதி சற்றுப் பெரியது. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த தாமஸ் வில்லிஸ் என்ற மருத்துவர், நோயாளிகளின் சிறுநீர் தேன் கலந்ததுபோல் இனிப்பதைக் குறித்துவைத்தவர், அந்த நோய்க்கு நெடுநாள் துக்கமும் ஒரு காரணம் என்று அப்போதே எழுதினார். 2008இல் பல நீண்டகால ஆய்வுகளை ஒன்றுதிரட்டிக் கணக்கிட்டபோது, மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 60 சதவீதம் கூடுதலாகவும், நீரிழிவு உள்ளவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு சுமார் 15 சதவீதம் கூடுதலாகவும் இருப்பது தெரிந்தது. பாதை இருவழிப் பாதைதான். ஆனால் இரு பக்கமும் போக்குவரத்து ஒரே அளவில் இல்லை.

மருத்துவரின் சொல்லில் எனக்கு ஒப்புதல் இல்லாத இடம் "தானாக" என்பது. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர நேரத்துக்கு மாத்திரை, நடை, உணவுக் கட்டுப்பாடு, இடைவிடாத கவனிப்பு என்று தினமும் வேலை இருக்கிறது. அந்த வேலையைச் செய்யும் தெம்பைத்தான் மனச்சோர்வு முதலில் பறிக்கிறது. தெம்பு இல்லாதவரிடம் முதலில் வேலையை முடியுங்கள், பிறகு தெம்பு வரும் என்று சொன்னால் அவர் எங்கிருந்து தொடங்குவார்?

ஜனவரி 7

60 சதவீதம் என்றதும் ஒருவர் பதறி எழுதியிருக்கிறார். நூறு பேரில் அறுபது பேருக்கு வரும் என்று அதற்குப் பொருள் இல்லை. மனச்சோர்வு இல்லாத நூறு பேரில் பத்துப் பேருக்கு நீரிழிவு வருகிறது என்று வைத்துக்கொண்டால், மனச்சோர்வு உள்ள நூறு பேரில் பதினாறு பேருக்கு வரும். பத்து என்பது கணக்கு புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண். எஞ்சிய எண்பத்து நான்கு பேருக்கு வரவில்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

ஜனவரி 9

உடலுக்குள் என்னதான் நடக்கிறது என்ற கேள்விக்கு என் கதையிலிருந்தே பதில் சொல்லலாம். எனக்கு மனச்சோர்வுதான் முதலில் வந்தது. நீரிழிவு பல ஆண்டுகள் கழித்து வந்தது. அந்தக் காலத்தில் விடியலுக்கு வெகு முன்பே விழிப்பு வந்துவிடும், பிறகு தூக்கம் வராது. பகல் முழுவதும் நாற்காலியை விட்டு எழ மாட்டேன். நாள் முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் இருந்துவிட்டு, இரவில் கையில் கிடைத்ததை நின்றபடியே தின்று முடிப்பேன். இதையெல்லாம் மனத்தின் கோளாறு என்று மட்டும்தான் எண்ணியிருந்தேன்.

மூளையிலுள்ள ஹைப்போதலமஸ், அதன் கீழுள்ள பிட்யூட்டரி, சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் கார்டிசால் என்ற ஹார்மோனின் சுரப்பை நடத்துகின்றன. மனச்சோர்வு உள்ளவர்களில் பலருக்கு இந்தச் சுரப்பு உயர்ந்தே நிற்கிறது. கார்டிசாலின் இயல்பான வேலை ஆபத்து நேரத்தில் உடலுக்கு எரிபொருள் தருவது. ஆகவே அது கல்லீரலைச் சர்க்கரை வெளியிடச் சொல்கிறது, தசைகள் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதைக் குறைக்கிறது (இன்சுலின் எதிர்ப்பு என்பது இதுதான்), வயிற்றுப் பகுதியில் கொழுப்பைச் சேர்க்கிறது. ஓடித் தப்பிக்க வேண்டிய ஆபத்து எதுவும் எதிரில் இல்லாமல் மாதக்கணக்கில் இது தொடர்ந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இதனுடன் இன்டர்லூக்கின்-6, சி-ரியாக்டிவ் புரதம் போன்ற அழற்சிக் குறிகளும் மனச்சோர்வில் சற்று உயர்ந்திருப்பதைக் காண்கிறார்கள். அதே அழற்சி இன்சுலின் எதிர்ப்புக்கும் துணைபோகிறது. தூக்கக் குறைவு தனியாகவே இன்சுலின் எதிர்ப்பைக் கூட்டும். உடல் அசையாமல் இருப்பதும் அப்படியே.

ஜனவரி 9, இரவு

சுருக்கமாகச் சொன்னால், நான் வேலையே செய்யாமல் கிடக்கிறேன் என்று வீட்டில் எல்லோரும் குறைப்பட்டுக்கொண்ட அதே காலத்தில் என் கல்லீரல் மட்டும் இரவு பகலாக உழைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அதற்கு யாரும் ஒரு நன்றி சொல்லவில்லை.

ஜனவரி 13

எதிர்த் திசைக்கு வருகிறேன். நீரிழிவு எப்படி மனச்சோர்வைத் தருகிறது? உயர்ந்த சர்க்கரை மூளையைத் தாக்குகிறது என்பதே பலரும் சொல்லும் விடை. அமெரிக்காவில் பல இனத்தவரைப் பின்தொடர்ந்த மெசா ஆய்விலிருந்து 2008இல் வெளிவந்த ஒரு முடிவு அந்த விடையைச் சற்று அசைத்துப் பார்க்கிறது. நீரிழிவுக்குச் சிகிச்சை பெற்றுவந்தவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் புதிதாகத் தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருந்தது. ஆனால் சர்க்கரை உயர்ந்திருந்தும் சிகிச்சை பெறாதவர்களிடம் அந்த வாய்ப்பு உயரவில்லை. நீரிழிவின் வாசலில் நின்றவர்களிடமும் உயரவில்லை. சொல்லப்போனால் சற்றுக் குறைவாகவே இருந்தது.

ரத்தத்தில் ஓடும் சர்க்கரை மட்டுமே காரணம் என்றால், மருந்தே எடுக்காதவர்கள்தான் முதலில் சோர்ந்திருக்க வேண்டும். நோய் இருப்பது தெரிவதும், அதைத் தினமும் சுமப்பதும் தம் பங்குக்கு மனத்தை அழுத்துகின்றன என்றே இதை நான் வாசிக்கிறேன். என் அக்காவுக்கு இப்படித்தான் நடந்தது. அவருடைய சர்க்கரை நெடுநாளாகவே உயர்ந்திருந்ததைப் பழைய சோதனைத் தாள்கள் காட்டின. அதுவரை அவர் கலகலப்பாகத்தான் இருந்தார். நீரிழிவு என்ற சொல்லைக் காதில் கேட்ட பிறகுதான் வீட்டு விசேஷங்களுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்.

ஜனவரி 14

நேற்று எழுதியதை இன்று காலை மீண்டும் படித்தபோது ஒரு தயக்கம். சிகிச்சை பெறுபவர்களுக்கு நோய் முற்றியிருக்கலாம், கால் எரிச்சலும் பார்வை மங்கலும் கூட வந்திருக்கலாம்; அவர்கள் மருத்துவரை அடிக்கடி பார்ப்பவர்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆகவே மெசாவின் முடிவை முழுக்க மனச்சுமையின் கணக்கில் எழுதிவிட முடியாது. அமெரிக்கச் செவிலியர்கள் 65,381 பேரைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்விலும் இதே முடிச்சு இருக்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு 29 சதவீதம் கூடியிருந்தது. இன்சுலின் போட்டுக்கொண்டவர்களைத் தனியே பார்த்தால் 53 சதவீதம். ஊசியின் பாரமா, நோயின் முதிர்ச்சியா? இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கும்போது எந்தக் கணக்கும் அவற்றை முழுதாகப் பிரித்துவிடாது. அக்காவைப் பொறுத்தவரை நான் சொன்னதில் மாற்றமில்லை. அவருக்கு அப்போது எந்தப் பின்விளைவும் இல்லை, ஊசியும் இல்லை.

ஜனவரி 20

முன்னே வந்தது எது என்று இத்தனை நாள் பேசினோம். எது எதுவாகத் தவறாக எண்ணப்படுகிறது என்ற கேள்விதான் எனக்கு இப்போது அதைவிடப் பெரியதாகத் தெரிகிறது.

மனச்சோர்வைக் கண்டறியப் பரவலாகப் பயன்படும் பிஎச்க்யூ-9 என்ற வினாத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்து அல்லது அதற்கு மேல் வந்தால் அடுத்த கட்டமாக விசாரிக்க வேண்டும். களைப்பு, தூக்கக் கேடு, பசி மாற்றம், கவனச் சிதறல் ஆகிய நான்கும் அதில் தனித்தனிக் கேள்விகள். இரவில் சிறுநீர் கழிக்க நான்கைந்து முறை எழுபவருக்குத் தூக்கம் கெடாதா? சர்க்கரை ஏறிக் கிடப்பவருக்குக் களைப்பு இருக்காதா? மனம் நன்றாக இருக்கும் ஒருவர்கூட உடலின் பெயரால் கணிசமான மதிப்பெண் வாங்கிவிட முடியும். 2001இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், நீரிழிவு உள்ளவர்களிடம் வினாத்தாளைக் கொடுத்துக் கணக்கிட்டால் 31 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. நேரில் அமர்ந்து முறைப்படி விசாரித்துக் கணக்கிட்டால் 11 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது. அதே ஆய்வில், நீரிழிவு இல்லாதவர்களோடு ஒப்பிடும்போது எந்த முறையில் அளந்தாலும் மனச்சோர்வு இரு மடங்காகவே இருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

எதிர்ப்புறமும் இதே குழப்பம்தான். "சர்க்கரை இருந்தால் அசதி இருக்கத்தான் செய்யும்" என்று நோயாளியும் மருத்துவரும் ஒருசேரத் தலையசைக்கும்போது, உண்மையான மனச்சோர்வு ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படாமல் போய்விடுகிறது. அந்த வினாத்தாளின் முதல் இரண்டு கேள்விகளைத்தான் நான் பெரிதும் நம்புகிறேன்: எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமை, மனம் தளர்ந்து நம்பிக்கையற்றிருத்தல். சர்க்கரை ஏறினால் கால் ஓயலாம். பேரக் குழந்தை மடியில் ஏறி உட்காரும்போதும் ஒன்றும் தோன்றாமல் போவதற்குச் சர்க்கரையை மட்டும் காரணம் சொல்ல முடியாது. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போய்விடலாம் என்ற நினைப்பைப் பற்றியது. அதற்கு விடை பூஜ்யம் தவிர வேறு எதுவாக இருந்தாலும், மொத்த மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஒரு மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஜனவரி 20, சற்று நேரம் கழித்து

விட்டுப்போன ஒன்று. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அது குறைந்தால் சோர்வு, மறதி, மனத் தளர்ச்சி, கால் மரத்துப்போதல் எல்லாம் வரும். மரத்துப்போவதைச் சர்க்கரையின் தலையிலும், தளர்ச்சியை மனத்தின் தலையிலும் போட்டுவிட்டு, பி12 எவர் கண்ணிலும் படாமல் தப்பித்துவிடும். தைராய்டு குறைபாடும் இப்படித்தான். கேள்வி கேட்டவர் மெட்ஃபார்மின் எடுப்பவராக இருந்தால், அடுத்த ரத்தப் பரிசோதனையில் இவ்விரண்டையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். சர்க்கரை திடீரென்று தாழும்போது வரும் நடுக்கம், வியர்வை, படபடப்பு ஆகியவற்றைப் பதற்ற நோய் என்று எண்ணிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். அந்த நிமிடத்தில் விரலைக் குத்திப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஜனவரி 22

மனச்சோர்வு நோயும் இல்லை, வெறும் களைப்பும் இல்லை, மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்று ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். சரியான நினைவூட்டல். நீரிழிவோடு வாழ்வதாலேயே வரும் மனவேதனையைத் தனியே அளப்பதற்கு 1995இல் பெய்ட் என்ற இருபது கேள்விகள் கொண்ட அளவுகோலை உருவாக்கினார்கள். என்ன செய்தாலும் பலனில்லை என்ற சலிப்பு, பின்விளைவுகளைப் பற்றிய பயம், சாப்பிடும்போதெல்லாம் குற்றவுணர்வு, வீட்டார் புரிந்துகொள்ளவில்லை என்ற ஆதங்கம் ஆகியவை இதில் அடங்கும். மனச்சோர்வு வினாத்தாளில் அதிக மதிப்பெண் பெற்ற பலருக்கு இருப்பது இந்த வேதனைதான், மருத்துவப் பொருளில் மனச்சோர்வு இல்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. எச்பிஏ1சி என்ற ரத்தச் சர்க்கரைப் பரிசோதனையின் எண்ணோடு நெருங்கிய தொடர்பு உள்ளதும் இந்த வேதனைக்குத்தான். இதற்கு மனச்சோர்வு மாத்திரை உதவாது; நோயின் பாரத்தைக் குறைக்கும் வழிகளும், திட்டாத காதும்தான் உதவும்.

அக்காவின் சர்க்கரைக் குறிப்பேட்டை ஒருமுறை பார்த்தேன். ஒவ்வொரு நாளும் காலை, இரவு என்று எண்கள். எல்லாம் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் எழுதப்பட்டிருந்தன. எண்களும் நல்ல பிள்ளைகளாக 110க்கும் 130க்கும் இடையிலேயே அடங்கி நின்றன. மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய இரவு உட்கார்ந்து மொத்தத்தையும் நிரப்பியிருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, "கெட்ட எண் வந்தால் திட்டு வாங்க வேண்டும், அதற்கு விரலைக் குத்தாமலே இருந்துவிடலாம்" என்றார். சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியை எச்பிஏ1சி காட்டிக்கொடுத்துவிடும். மறுநாள் குறிப்பேடு ஒன்று சொல்ல, எச்பிஏ1சி வேறொன்று சொல்லியது. ஏமாற்றிவிட்டார் என்ற அளவிலேயே மருத்துவர் பேச்சை முடித்துக்கொண்டார். அந்தக் குறிப்பேட்டைவிடத் தெளிவான வேதனை வினாத்தாள் வேறு இருக்க முடியாது என்பது என் கட்சி.

ஜனவரி 23

இல்லை, அக்கா இதைப் படிக்க மாட்டார். படித்தாலும், எண்களை இன்னும் கொஞ்சம் ஏற்றி இறக்கி எழுதியிருக்கலாமே என்றுதான் சொல்வார்.

ஜனவரி 29

மாத்திரைகளைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். மனச்சோர்வு மாத்திரை எல்லாமே சர்க்கரையை ஏற்றும் என்ற பயம் தேவையற்றது. எதுவுமே ஏற்றாது என்பதும் சரியில்லை. அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின் போன்ற பழைய வகைகளும் மிர்ட்டசாபினும் பசியையும் எடையையும் கூட்டக்கூடியவை. 1997இல் நீரிழிவாளர்களிடம் நார்ட்ரிப்டிலினைச் சோதித்தபோது மனச்சோர்வு குறைந்தது. ஆனால் மருந்தின் நேரடி விளைவு சர்க்கரையை ஏற்றும் பக்கமே இருந்தது. ஃப்ளூஆக்ஸெடின், செர்ட்ராலின் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ எனப்படும் வகை மனச்சோர்வு மருந்துகள் பெரும்பாலும் சர்க்கரையைக் கெடுப்பதில்லை. சிலருக்குச் சற்றுக் குறைக்கவும் செய்யும், ஆகவே சர்க்கரையைத் தாழ்த்தும் மருந்து எடுப்பவர்கள் தொடக்கத்தில் அடிக்கடி சோதித்துக்கொள்வது நல்லது. நீரிழிவால் வரும் கால் எரிச்சலும் மனச்சோர்வும் ஒருசேர உள்ளவர்களுக்கு டுலாக்செடின் இரண்டுக்குமே பயன்படுகிறது. சில நேரம் துணைக்குத் தரப்படும் ஒலான்சாபின் எடையையும் சர்க்கரையையும் வெகுவாக ஏற்றக்கூடியது என்பதால் அதைத் தருபவருக்கு உங்கள் நீரிழிவு தெரிந்தே ஆக வேண்டும்.

நீரிழிவைத் தடுக்கும் வழிகளைச் சோதித்த அமெரிக்கப் பெரும் ஆய்வொன்றில், மனச்சோர்வு மாத்திரை எடுத்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு கூடியிருந்தது என்று ஒருவர் எடுத்துக்காட்டியிருக்கிறார். உண்மைதான். ஆனால் அது போலி மாத்திரைப் பிரிவிலும் வாழ்க்கைமுறை மாற்றப் பிரிவிலும்தான். மெட்ஃபார்மின் எடுத்த பிரிவில் அந்தத் தொடர்பு தென்படவில்லை. இதைக் காரணமாக வைத்து யாரும் மாத்திரையைத் தாமே நிறுத்த வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் வரும் தலைச்சுற்றலும் எரிச்சலும் போதாதென்று, பழைய சோர்வும் திரும்பிவரக்கூடும்.

பிப்ரவரி 4

மரபணுவை வைத்து முன்பின் வரிசையைத் தீர்த்துவிட முடியாதா என்பது நல்ல கேள்வி. 2023இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு அதைத்தான் முயன்றது. மனச்சோர்வு இரண்டாம் வகை நீரிழிவுக்குக் காரணமாகிறது என்பதற்கு அதில் சான்று கிடைத்தது; நீரிழிவு மனச்சோர்வுக்குக் காரணமாகிறது என்பதற்கு மரபணு வழியில் சான்று கிடைக்கவில்லை. மனச்சோர்வின் விளைவில் 36.5 சதவீதம் உடல் எடை வழியாகச் செல்வதாகவும் கணக்கிட்டார்கள். ஜனவரி 13இல் எழுதியதோடு இது பொருந்திப் போகிறது. குறிப்பேட்டைப் பொய்யாக நிரப்பவைக்கும் பயம் மரபணுவில் எழுதப்பட்டிருக்காது. திட்டும் குரலிலிருந்து வருவது அது.

உங்கள் கணவருக்கு வெற்றி என்று இதை அவரிடம் காட்டிவிடாதீர்கள். "நீ சோர்ந்து கிடந்ததால்தான் வந்தது" என்ற வாக்கியத்தில் விஞ்ஞானம் இருந்தாலும், அதைக் கேட்பவருக்கு அது குற்றச்சாட்டாகத்தான் விழும். சோர்ந்து கிடக்க யாரும் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை.

பிப்ரவரி 12

இரண்டையும் ஒருசேரக் கவனித்தால் பலன் உண்டா என்பதற்குச் சான்று இருக்கிறது. 2010இல் வெளியான டீம்கேர் ஆய்வில், மனச்சோர்வோடு கட்டுக்கடங்காத நீரிழிவோ இதய நோயோ உள்ள 214 பேரில் ஒரு பாதியினருக்குத் தனிச் செவிலியர் ஒருவர் துணையிருந்தார். அவரே மனநிலையையும் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் தொடர்ந்து விசாரித்து, மருத்துவர்களோடு பேசி மருந்தைச் சரிசெய்யவைத்தார். ஓராண்டில் நான்குமே வழக்கமான சிகிச்சையைவிட மேம்பட்டன. இந்தியாவில் 404 பேரிடம் இதே முறையைச் சோதித்து 2020இல் வெளியிட்ட ஆய்விலும் கூட்டுக் கவனிப்புக்கே பலன் கூடுதலாக இருந்தது. புதிய மருந்து எதையும் இதற்காக யாரும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு நோய்களையும் ஒரே ஆள் ஒரே உரையாடலில் கேட்டார்; அவ்வளவுதான் செய்தார்கள்.

அப்படிப்பட்ட செவிலியர் நம்மில் பலருக்குக் கிடைக்க மாட்டார். இருந்தாலும், சர்க்கரை மருத்துவரிடம் மனத்தைப் பற்றியும் மனநல மருத்துவரிடம் சர்க்கரையைப் பற்றியும் நாமே முந்திக்கொண்டு பேசலாம். ஒருவர் எழுதிய மருந்துச் சீட்டை மற்றவரின் மேசையில் வைக்கலாம். நான் இதைத் தொடங்கியபோது இரண்டு மருத்துவர்களுமே சற்று வியப்போடுதான் பார்த்தார்கள்.

பிப்ரவரி 19

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டதாகவும், பேச்சு வழிச் சிகிச்சையும் மாத்திரையும் தொடங்கியிருப்பதாகவும், சர்க்கரை எப்போது குறையும் என்றும் கேட்டிருக்கிறார்.

இரண்டுக்கும் வேகம் வேறு. மாத்திரையின் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். எச்பிஏ1சி அசைவதற்கு மூன்று மாதம் வேண்டும். மனம் தேறிய பிறகும் எண் நகரவில்லையே என்று அப்போது தளர்ந்துவிடாதீர்கள். 1998இல் நீரிழிவும் மனச்சோர்வும் உள்ள 51 பேரிடம் பேச்சு வழிச் சிகிச்சையின் ஒரு வகையான அறிவுசார் நடத்தைச் சிகிச்சையைச் சோதித்தார்கள். சிகிச்சை முடிந்த நேரத்தில் மனச்சோர்வு நீங்கியவர்கள் அந்தப் பிரிவில் 85 சதவீதம், மற்றப் பிரிவில் 27 சதவீதம். ஆனால் எச்பிஏ1சியில் அப்போது வேறுபாடு இல்லை. ஆறு மாதம் கழித்து மீண்டும் அளந்தபோதுதான் சிகிச்சை பெற்றவர்களுக்கு 9.5 சதவீதமும் மற்றவர்களுக்கு 10.9 சதவீதமும் இருந்தன. ஆகவே முதல் எச்பிஏ1சி முடிவை மட்டும் வைத்துச் சிகிச்சை பலிக்கவில்லை என்று முடிவு கட்டாமல், அடுத்த சோதனைக்கான தேதியையும் இப்போதே மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.